வாசலை மறித்தவள்

“கஞ்சியா இது? கழுநீர்...! இதைக் குடிச்சிட்டுத்தான் நான் உசுரோட இருக்கணுமா?”

பூங்காவனம் தள்ளிய வேகத்தில் மங்கு கவிழ்ந்து, மரவள்ளிக் கஞ்சி பலகைத் தரையின் இடுக்கு வழியே ஒழுகியது. அடுப்படியில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த சவரியம்மா எழுந்து வந்து பார்த்தாள். சட்டியின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது அவளுடைய பங்கு. ஒன்றும் பேசாமல் அதை வழித்து ஊற்றி மாமியாரின் முன்னால் வைத்தாள்.

“இதையாவது கொட்டாம குடிங்க அத்தை.”

“கொட்டினா என்னாடி செய்வே? என் பெரிய பிள்ளைய வெரட்டின மாதிரி என்னையும் வெரட்டுவியா? ‘எங்கயாவது போய்த் தொலைங்க’ன்னு தெருவே கேக்கக் கத்தினியே... தொலைஞ்சிட்டான்டி! சயாமுக்குப் போய்த் தொலைஞ்சிட்டான்! இப்பக் குளுந்துச்சா உன் வயிறு?”

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் சின்ன மகன் ராஜரத்தினம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தாயின் சத்தம் அவன் காதில் விழாமல் இல்லை. அவன் மனைவி ஜெயாதான் கைக்குழந்தையோடு எட்டிப் பார்த்து, “விடுங்க மாமி, காலங்காத்தால...” என்றாள். ராஜரத்தினம் வாயைத் திறக்கவில்லை. சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

காஜா பெராங்கில் அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் இந்தப் பேச்சு மனப்பாடம். சப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்து மூன்றாவது வருஷம் முடியப்போகிறது. விடிந்தால் பட்டினி ஒரு பக்கம், பூங்காவனத்தின் வாய் ஒரு பக்கம். சவரியம்மா இரண்டையும் தாங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஏனென்றால் மாமியார் சொல்வது உண்மை என்று அவளே நம்பினாள்.

தாய் தகப்பன் இல்லாமல் கன்னியாஸ்திரிகள் மடத்தில் வளர்ந்தவள் அவள். மோட்டார் பட்டறையில் வேலை பார்த்த நல்லையா, மடத்து வண்டியைப் பழுது பார்க்க வந்த இடத்தில் அவளைக் கண்டான். “வேதக்காரப் பெண்ணா?” என்று தாய் தலையில் அடித்துக்கொண்டதைப் பொருட்படுத்தாமல் கட்டிக்கொண்டான். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற வீட்டில், ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு சவேரியார் கோவிலுக்குப் போகிற மருமகள்! குழந்தையும் இல்லை. பூங்காவனம் மனசுக்குள் அவளுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

சப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம் அந்த நாளும் வந்தது. வீட்டிலிருந்த கடைசி அரிசியை நல்லையா பக்கத்து வீட்டு நாகம்மாவுக்குக் கொடுத்துவிட்டது நாலு நாள் கழித்துத்தான் சவரியம்மாவுக்குத் தெரிந்தது. நாகம்மாவின் மகன் வயிற்றுக்கடுப்பில் கிடந்த நேரம் அது. கிழங்கு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பசி மயக்கத்தில் இருந்த சவரியம்மாவுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. கத்தினாள். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். நல்லையா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அன்று சாயங்காலம் ரப்பர் காயப்போடுகிற பழைய கித்தாக் கொட்டகை ஒன்றில் ஓசியில் வாயாங் காட்டினார்கள். சப்பான்காரன் காட்டிய படம். ஆம்பிளைகள் கூட்டமாகப் போனார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைப் பூட்டி, உள்ளே இருந்தவர்களை லோரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லையா போனான். உடம்பு தேறியிருந்த நாகம்மாவின் ஒரே மகனும் போனான். வயிற்று வலி என்று முன்னாலேயே எழுந்து வந்துவிட்டதாகச் சொன்ன ராஜரத்தினம் மட்டும் வீடு திரும்பினான். ‘ஒரு பிள்ளையையாவது காப்பாத்திக் குடுத்தியே தாயே’ என்று பூங்காவனம் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். அதற்கு மரவள்ளி மாவு இடித்ததும் சவரியம்மாதான்.

ராஜரத்தினம் சப்பான் பாஷை கற்றவன். ஆள் சேர்க்கும் ஆபீசில் துபாஷி வேலை. அவன் கொண்டுவருவது வீட்டுக்குப் போதவில்லை. உப்பு கிடைக்காத காலம் அது. சவரியம்மா தகர டின்களைத் தூக்கிக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்கு நடப்பாள். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்து, புக்கிட் பாரு பக்கம் கொண்டுபோய்க் கிழங்குக்கும் கீரைக்கும் மாற்றிக்கொண்டு வருவாள். உள்ளங்கை வெடித்து உப்பு ஏறி எரியும். ‘எரியட்டும்... நான் செஞ்சதுக்கு இது போதாது’ என்று நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் கிளேபாங்கில் அவள் அடுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, மீனவர் குடிசை ஒன்றின் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“சவரிக்கா...!”

எலும்பும் தோலுமாக ஒருவன். கணுக்காலில் ஆறாத புண். உற்றுப் பார்த்தபிறகுதான் தெரிந்தது: நல்லையாவோடு பட்டறையில் வேலை பார்த்த தியாகு!

“தியாகு...! நீயும் அந்த லோரியிலதானேப்பா போனே? அவரு எங்கே? வர்றாரா...?”

அவன் மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த அழுகையே பதிலாக இருந்தது.

வாந்திபேதி. முகாமில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். நல்லையா தியாகுவின் மடியில்தான் போனான். பிறகு தியாகு தப்பித்துக் காட்டு வழியாக வந்து, தெரிந்த மீனவர் ஒருவர் வீட்டில் ஒளிந்திருக்கிறான். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. மணலைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

“என்னாப்பா? எதுவா இருந்தாலும் சொல்லிடு.”

“அண்ணன் உங்க மேல கோவிச்சுக்கிட்டுப் போவலக்கா. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குத்தான் திரும்பிக்கிட்டு இருந்தாரு. கிழங்கு வாங்கி வச்சிருந்தாரு கையில. ராஜரத்தினம்தான் வழியில மறிச்சு, ‘வா அண்ணே, படம் பாத்துட்டுப் போவலாம்’னு கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தான். அண்ணனை உள்ள உக்கார வச்சிட்டு வெளிய போனவன்... அவன்தான்க்கா கதவைப் பூட்டினான். நான் கடைசி வரிசையில இருந்தேன். என் கண்ணால பாத்தேன்.”

“அவருக்கு இது தெரியுமாப்பா...?” என்று கேட்டாள் சவரியம்மா.

“அண்ணன்கிட்ட நான் சொல்லல. சொல்ல வாய் வரல. சாவுறப்பக்கூட, ‘என் தம்பி தப்பிச்சிட்டானா தியாகு? அவனையும் புடிச்சிருப்பானுங்களோ? அவன் கிழங்கு தின்னே பழகாதவன்டா’ன்னு கேட்டுக்கிட்டேதான் கண்ணை மூடினாரு...”

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்து நெருப்பை அணைத்தது. சவரியம்மா அதைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் பொறுக்கவில்லை. தியாகு எங்கே இருக்கிறான் என்பதை மட்டும் மறைத்துவிட்டு, எல்லாரும் இருக்கும்போதே கேட்டாள்.

“உன் அண்ணன் செத்துட்டாரு ராஜரத்தினம். பாத்தவங்க சொன்னாங்க. கொட்டகைக் கதவைப் பூட்டினது யாருன்னும் சொன்னாங்க. நீ சொல்லு... யாரு?”

பூங்காவனம் “ஐயோ மகனே!” என்று மார்பில் அறைந்துகொண்டாள். ராஜரத்தினத்தின் முகம் வெளுத்தது. ஒரு கணம்தான். பிறகு ஜெயாவின் மடியிலிருந்த குழந்தையின் தலையில் கையை வைத்தான்.

“என் பிள்ளை மேல சத்தியம்! எனக்கு ஒண்ணும் தெரியாது!”

“அடிப்பாவி!” என்று பூங்காவனம் சவரியம்மாவின் மேல் பாய்ந்தாள். “ஒருத்தன முழுங்கினது பத்தலியா? இருக்கிற ஒருத்தன் மேலயும் பழி போடுறியா? உன் நாக்கு அழுவிப்போவும்டி...!”

ராஜரத்தினம் மெல்ல, மிக மரியாதையாகப் பேசினான். “உங்க வருத்தம் எனக்குப் புரியுது அண்ணி. யாரோ சொன்ன பேச்சு அது. அப்படியே வச்சிக்கிட்டாலும், உங்க வேதத்துல என்னா சொல்லியிருக்கு? மன்னிக்கணும்னுதானே? வாரா வாரம் கோவிலுக்குப் போறீங்க... பொறுத்துப் போங்க.”

சவரியம்மாவின் கண்ணில் தீப்பறந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது ஒரே ஒரு தடவை. இது இரண்டாவது.

“என் சாமி பேரைச் சொல்லி என் வாயை அடைக்காதே! மன்னிக்கிறது என் வேலை. அதை எப்பச் செய்யணும்னு எனக்கும் அவருக்கும் தெரியும். உன் வேலை ஒண்ணு இருக்கு, உண்மையைச் சொல்றது. அதைச் செய்ய உனக்குத் துப்பு இல்ல. எனக்கு வேதம் சொல்ல வந்துட்டியா?”

அன்றிலிருந்து அவள் வெள்ளைப் புடவைக்கு மாறினாள். அதற்காகவும் வசவு வாங்கினாள். வீட்டைவிட்டுப் போய்விடலாம் என்று பலமுறை கிளம்பினாள். ஆனால் ஜெயாவுக்கு உடம்பு தளர்ந்து பால் வற்றியிருந்தது. இவள் கொண்டுவருகிற கீரையும் கிழங்கும் நின்றால் அந்தப் பச்சைப் பிள்ளை என்ன ஆகும்? கட்டிய துணி முடிச்சைப் பிரித்துத் திரும்பவும் கொடியில் போடுவாள்.

மாலை ஜெபத்தில் மட்டும் ஒரு மாற்றம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே வருவாள். தீமை செய்தவர்களைப் பொறுக்கிற வரி வந்ததும் அவள் உதடு ஒட்டிக்கொள்ளும். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவாள். வேண்டுமென்றேதான் விட்டாள். ‘பொய் சொல்லி ஜெபிக்க மாட்டேன்’ என்று சிலுவையைப் பார்த்தே சொன்னாள்.

கோவிலில் சின்னப்பா உபதேசியாரிடம் இதைச் சொன்னபோது அவர் பதறிப்போனார்.

“அப்படிச் சொல்லக்கூடாதும்மா. மன்னிச்சு, மறந்து, வாயை மூடிக்கிட்டுப் போயிடணும். அதுதான் நம்ம வழி.”

“மன்னிக்கிறதுன்னா நடந்தது நடக்கலேன்னு சொல்றதா உபதேசியாரே? ஆண்டவர் உயிர்த்தெழுந்து வந்தப்போ காயத்தோடதானே வந்தாரு? மறைக்கலியே! தொட்டுப் பாருன்னு கையை நீட்டினாரே! நான் மட்டும் ஏன் என் காயத்தை முந்தானைக்குள்ள மறைக்கணும்?”

உபதேசியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என் தங்கச்சி மகனும் அந்த லோரியிலதாம்மா போனான். உங்களுக்கெல்லாம் ஜெபம் சொல்லிக்குடுக்கிற நானும் அந்த வரியிலதான் தடுக்கி விழுந்துக்கிட்டு இருக்கேன்.”

அந்த ஒரு பதில்தான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மழைக்காலம் கழிந்து வெயில் ஏறியபோது ராஜரத்தினம் காய்ச்சலில் விழுந்தான். மலேரியா. வீட்டிலிருந்த கோணிச் சாக்கையெல்லாம் போர்த்தியும் கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். கொய்னா மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை. அவன் கைகட்டி நின்ற சப்பான் ஆபீஸ், வேலைக்கு வராதவனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூங்காவனம் வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சவரியம்மாவின் பெட்டியில் கொய்னா இருந்தது. சயாமில் காய்ச்சல் ஜாஸ்தி என்று கேள்விப்பட்டு, மடத்துச் சிஸ்டர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வைத்தது. நல்லையா திரும்பி வந்தால் அவனுக்கு வேண்டியிருக்குமே என்று. அவன் செத்த சேதி வந்த பிறகும் அதை எடுத்துப் போட மனமில்லாமல் வைத்திருந்தாள். இப்போது சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டு மதியம் முழுவதும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதையும் செய்ய வேண்டியதில்லை. எழுந்திருக்காமல் இருந்தால் போதும். நியாயம் தானாகவே நடந்துவிடும்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ராஜரத்தினம் பிதற்றினான்.

“அண்ணே... உள்ள போவாத அண்ணே... வாண்டாம்... வெளிய வந்துடு...”

சவரியம்மா நிமிர்ந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். இவனும் அந்தக் கொட்டகையைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை! பூட்டினவனே உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கிறான்!

அவள் எழுந்து போனாள். அவன் தலையைத் தூக்கி வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். காய்ச்சல் கண்ணைத் திறந்து அவன் விழித்தான்.

“உன் அண்ணனுக்கு வச்சிருந்தது. முழுங்கு,” என்றாள்.

அவன் முழுங்கினான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று மாலை ஜெபத்தில் அந்த வரி வந்தபோது அவள் நிறுத்தவில்லை. குரல் உடைந்தது, கண்ணீர் வழிந்து கழுத்தெல்லாம் நனைந்தது, ஆனாலும் சொன்னாள். நெஞ்சின் மேல் கிடந்த பாறாங்கல் ஒன்று நகர்ந்த மாதிரி இருந்தது. இது அவனுக்காக இல்லை, அவன் கேட்டதற்காகவும் இல்லை. நல்லையாவைக் கொன்ற கையை இன்னும் எத்தனை நாளைக்குத் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சுமப்பது?

உடம்பு தேறியதும் ராஜரத்தினம் பழையபடி ஆனான். காய்ச்சலில் என்ன பேசினோம் என்று அவனுக்குத் தெரியாது. சவரியம்மாவும் சொல்லவில்லை. “மகராசி, மருந்து குடுத்தா. அந்தமட்டுக்கும் செஞ்ச பாவத்தைக் கழுவினா,” என்றாள் பூங்காவனம். சவரியம்மா அவளை நேராகப் பார்த்து, “நான் செய்யாத பாவத்தை நான் எதுக்குக் கழுவணும் அத்தை?” என்று கேட்டுவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் தலையைக் குனியவில்லை.

ஆகஸ்ட் மாதம் சப்பான்காரன் சரணடைந்தான். காட்டில் ஒளிந்து சப்பான்காரனோடு சண்டை போட்டவர்கள் துப்பாக்கியும் மூன்று நட்சத்திரத் தொப்பியுமாக ஊருக்குள் இறங்கினார்கள். சப்பான்காரனுக்குக் கைகட்டி நின்றவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். பல பேர் திரும்பி வரவில்லை. ராஜரத்தினம் வீட்டுப் பரணில் பதுங்கினான். ஒளிந்திருந்த தியாகு வெளியே வந்தான். பார்த்ததையெல்லாம் பசாரில் நின்று சொன்னான்.

வெள்ளைக்காரப் பட்டாளம் பட்டணத்துக்குள் வந்து சேர்ந்த அந்த வாரத்தில், ஒரு காலை நேரம், கூட்டம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள். கையில் விறகுக் கட்டை, பாராங் கத்தி. முன்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். கூட்டத்தின் தலையில் நாகம்மா, தலைவிரி கோலமாக.

பூங்காவனம் ஓடிவந்து மருமகளின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“சவரி...! ‘அவன் இங்க இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்லுடி! நீ சொன்னா நம்புவாங்க... எனக்கு இருக்கிறது இந்த ஒரு பிள்ளைடி...!”

சவரியம்மா காலை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு கையையும் நிலையில் ஊன்றி நின்றாள்.

துப்பாக்கிக்காரன் மலாயில் கேட்டான்: “அவன் உள்ளே இருக்கிறானா?”

“இருக்கான்,” என்றாள் சவரியம்மா.

உள்ளே பூங்காவனம் வீரிட்டாள். கூட்டம் முன்னால் தள்ளியது.

“இருக்கான். ஆனா இந்த வாசலைத் தாண்டி யாரும் வர முடியாது. வர்றதா இருந்தா என்னை வெட்டிப் போட்டுட்டு வாங்க!”

“உனக்கென்னா பைத்தியமா?” நாகம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள். “உன் தாலிய அறுத்தவன்டி அவன்! என் பிள்ளை வாயில மண்ணைப் போட்டவன்டி! அவனுக்கா நீ மறிக்கிறே? உன் புருஷன் குடுத்த அரிசியைத் தின்னு பொழைச்ச பிள்ளைடி என் மகன்... அவனையும் சேத்துல்ல பூட்டினான்!”

“என் தாலிய அறுத்தவன் யாருன்னு உங்களுக்கெல்லாம் நேத்துத்தான்க்கா தெரியும். எனக்குப் போன வருஷமே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் அவனுக்குச் சோறு போட்டேன். மருந்து குடுத்தேன். இங்க இருக்கிற யாரைவிடவும் அவனைக் கொல்ல எனக்கு உரிமை இருக்கு. நான் கொல்லல! பயந்துக்கிட்டு இல்ல. இந்த மூணு வருஷமா கொலைகாரங்க சொன்ன இடத்துல எல்லாம் குனிஞ்சு நின்னோமே... இப்ப அவங்க போனப்புறமும் அவங்க காட்டின வழியிலதான் நடக்கணுமா?” அவள் மூச்சு வாங்கினாள். “இவனை அடிச்சுக் கொன்னுட்டா, உங்க பிள்ளையை எப்படி ஏத்தினாங்க, யாரு ஏத்தச் சொன்னான்னு யாரு வந்து சாட்சி சொல்லுவா? செத்தவன் பேசுவானா?”

கூட்டத்தில் சலசலப்பு ஏற்பட்டது. அவள் திரும்பாமலே உள்ளே குரல் கொடுத்தாள்.

“ராஜரத்தினம்! இறங்கி வா! நீ ஒளிஞ்சிருக்கிற இடத்துக்கு நான் காவல் நிக்கல. நீ மனுஷனா வெளிய வர்றதுக்குத்தான் நிக்கிறேன். வா!”

பரணிலிருந்து அவன் இறங்கி வந்தான். ஒட்டடை அப்பிய தலை. தாயைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

“அண்ணி... நான்... எனக்கு ஒண்ணும்...”

“போதும்!” என்றாள் சவரியம்மா. “உங்கிட்ட நான் சொல்லாத ஒண்ணு இருக்கு. இன்னிக்குச் சொல்றேன், கேட்டுக்க. உன் அண்ணன் சாவுறப்ப என்னைக் கேக்கல. உங்க அம்மாவைக் கேக்கல. ‘என் தம்பி தப்பிச்சிட்டானா? அவன் கிழங்கு தின்னே பழகாதவன்டா’ன்னு கேட்டாராம். அதைக் கேட்டுக்கிட்டேதான் செத்தாராம்...”

ராஜரத்தினம் அப்படியே மடங்கி விழுந்தான். மாடு கத்துகிற மாதிரி ஒரு ஓலம் அவன் அடிவயிற்றிலிருந்து வந்தது.

“நான்தான்...! நான்தான் பூட்டினேன்! ‘ஆள் குறைஞ்சா நீயே ஏறணும்’னு சப்பான்காரன் சொன்னான்... குறைஞ்சிடுச்சு... அண்ணன் எதிர்ல வந்தாரு... ‘வா அண்ணே’ன்னு நானேதான் கூப்பிட்டேன்... நானே பூட்டினேன்ம்மா...! அண்ணி மேல தப்பே இல்லம்மா! நீங்க அவங்களைத் திட்டுறப்ப எல்லாம் நான் கேட்டுக்கிட்டே சும்மா இருந்தேனே... பாவி, சும்மா இருந்தேனே...!”

பூங்காவனம் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

சவரியம்மா துப்பாக்கிக்காரர்களைப் பார்த்து மலாயில் சொன்னாள்: “இவனை நானே மாத்தா ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறேன், போலீசுல ஒப்படைக்கிறேன். இப்பவே. நீங்களும் கூட வாங்க.” அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் ஊருக்குள் இருக்கும்போது தெருவில் சுட அவர்களுக்கும் யோசனையாகத்தான் இருந்தது. ஒருவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நட என்று தலையை அசைத்தான்.

“அத்தை, எழுந்திரிங்க. இவன் வலது கையை நான் புடிச்சுக்கிறேன். பெத்தவங்க நீங்க... இடது கையைப் புடிங்க.”

இரண்டு பெண்களுக்கு நடுவே அவன் நடந்தான். பின்னால் கூட்டம். ஆற்றுப் பாலம் தாண்டி, பெண்டஹாரா சாலையில் பாதிக் கடைகள் கதவைச் சாத்தின. மீதிக் கடைகளில் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். வசவு மழையாகப் பொழிந்தது. திடீரென்று எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. அவனுக்குக் குறி வைத்தது, சவரியம்மாவின் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியது.

அவள் நின்றாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு இருந்தா அதையும் எறிங்க. நான் நகர மாட்டேன்!”

யாரும் அசையவில்லை. நாகம்மா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தன் முந்தானையைக் கிழித்து அந்தக் காயத்தில் வைத்து அழுத்தினாள்.

“இவனை நான் மன்னிக்கல சவரி. கட்டையில போறவரைக்கும் மன்னிக்க மாட்டேன்.”

“உங்கள மன்னிக்கச் சொல்ல நான் யாருக்கா? அது உங்க பிள்ளை. நான் பொறுத்தது என் புருஷனுக்குச் செஞ்சதை மட்டும்தான்.”

“ஆனா உன்னை எவனாச்சும் அடிச்சான்... அவன் கையை முறிச்சிடுவேன்!” என்று நாகம்மா கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, சவரியம்மாவின் தோளோடு தோளாக நடந்து வந்தாள்.

ஸ்டேஷன் படியில் சீக்கிய மாத்தா ஒருவர் ராஜரத்தினத்தைப் பிடித்துக்கொண்டார். அவன் இரண்டு படி ஏறி, நின்று, திரும்பினான். அன்றுவரை அவன் வாயில் வராத வார்த்தை வந்தது.

“அண்ணி... என்னை மன்னிச்சிடுங்க...”

ரத்தமும் வியர்வையும் வழிந்த முகத்தைச் சவரியம்மா புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“நான் மன்னிச்சு நாளாச்சு ராஜரத்தினம். நீ கேக்கத்தான் நாளாச்சு. உள்ள போ. ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லு.”

விசாரணை நடந்ததும், அவனுக்கு மேலே இருந்தவர்கள் பெயரெல்லாம் அவன் வாக்குமூலத்தில் வெளிவந்ததும், அவனுக்கு ஜெயில் தண்டனை கிடைத்ததும் பின்னால் நடந்த கதைகள். அன்று அவர்கள் காஜா பெராங்குக்குத் திரும்பி வந்தபோது உச்சி வெயில். தெருக் குழாயடியில் பெண்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் அவர்களுக்கு எதிரில் போய் நின்றாள். வழியெல்லாம் ஊமையாக வந்தவள், இப்போது வாயைத் திறந்தாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தக் குழாயடியில நின்னுதானே நான் இவளைத் தூத்தினேன்? புருஷனை வெரட்டினவ, குடியைக் கெடுத்தவன்னு தினம் தினம் சொன்னேனே... எல்லாம் பொய்! குடியைக் கெடுத்தது என் வயித்துல பொறந்தது. காப்பாத்தினது இவ. இவ பங்குக் கஞ்சியைக் குடிச்சிட்டே இவளைச் சபிச்ச வாய் இது...!” அவள் தன் வாயில் தானே அறைந்துகொண்டாள்.

சவரியம்மா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். “வாணாம் அத்தை... போதும்.”

பூங்காவனம் தேம்பிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள். “அவனை மன்னிச்சிட்டே... என்னையும் மன்னிச்சிட்டியாம்மா...?”

‘மன்னிச்சிட்டேன்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். பொய் சொல்லச் சவரியம்மாவுக்கு மனசு வரவில்லை.

“இல்லத்தை. இன்னும் முழுசா இல்ல. அவன் ஒரு நாள் பூட்டினான். நீங்க ஒவ்வொரு நாளும் பூட்டினீங்க. அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் திறக்கும்... நாளைக்கும் கேளுங்க.”

“கேக்கிறேன்டி...! என் தாயே, தினமும் கேக்கிறேன்டி...! நீ போதும்கிற வரைக்கும் கேக்கிறேன்...!”

பூங்காவனம் மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காயத்தின் ரத்தம் கிழவியின் கன்னத்தில் ஒட்டியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கைகள் ஒருமுறைகூட அவளை அணைத்ததில்லை. எப்படி அணைப்பது என்றுகூட அவற்றுக்குத் தெரியவில்லை. முதுகைத் தடவின, தலையைத் தடவின, கடைசியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. சவரியம்மா முதலில் விறைப்பாகத்தான் நின்றாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, தன் கையையும் தூக்கி அவள் முதுகில் வைத்தாள்.